சும்மா கிடக்காத இடம்

நுழையும்முன்

அறியாததை அறியாததென்று ஒப்புக்கொள்வது எளிது. அறிந்ததாக எண்ணிச் சொல்லிவிட்ட சொல்லைத் திருத்திக்கொள்வதுதான் கடினம். மூளையைத் தொடாமலே அதன் செயலை ஒரு கணம் தடுத்துப் பார்க்கும் காந்தத் தூண்டல் முறை, மனித மூளையைப் பற்றி நிலவிய எண்ணங்கள் சிலவற்றைத் திருத்தியது. அம்முறையை அறியச் சென்ற ஒருவர், தம் பள்ளிப் பருவத்தில் சொல்லிய ஒரு சொல்லையும் அங்கே திருத்திக்கொண்டதை இக்கட்டுரை கூறுகிறது.

பலகையும் ஊசியும்

என் அக்காவுக்கு மூன்று வயதானபோது மணல்வாரி அம்மை கண்டது. அந்நாளில் எங்கள் ஊரில் அம்மை கண்ட குழந்தையை வேப்பிலை பரப்பிய பாயில் கிடத்துவார்கள், உணவைக் குறைப்பார்கள், மருத்துவரிடம் கொண்டுசெல்ல அஞ்சுவார்கள். உடலில் உயிர்ச்சத்து ஏ குறைந்திருக்கும் குழந்தையின் கருவிழிப் படலத்தை அம்மை எளிதில் சிதைத்துவிடும் என்பது என் பெற்றோருக்குத் தெரியாது. அம்மை இறங்கியது, தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், பார்வை மட்டும் திரும்பவில்லை. அதற்கு அடுத்த ஆண்டில் நான் பிறந்தேன். ஆகவே, என் நினைவில் இருக்கும் அக்கா எப்போதும் விரல்களால் படிப்பவர், விரல்களால் எழுதுபவர்.

அவர் எழுதும் முறை எனக்குச் சிறுவயதில் பெரும் விந்தையாக இருந்தது. தடித்த தாளைப் பலகையில் பொருத்தி, சிறு சிறு கட்டங்கள் கொண்ட சட்டத்தை அதன்மேல் வைத்து, கூர்மையான ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்துவார். ஒவ்வொரு கட்டத்திலும் ஆறு புள்ளிகளுக்கு இடமுண்டு. ஒரே புள்ளி குத்தினால் 'அ'. மேலொன்று கீழொன்றாக இரண்டு குத்தினால் 'க'. குத்திய புள்ளிகள் தாளின் மறுபக்கத்தில்தான் புடைத்து நிற்கும். ஆதலால் வலமிருந்து இடமாக எழுதி, தாளைத் திருப்பி, இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். "டக், டக், டக்" என்று இரவெல்லாம் எங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்ட அந்த ஓசையில்தான் நான் உறங்கி வளர்ந்தேன்.

அக்கா கல்லூரியில் வரலாறு படித்தார். அவருக்குரிய பாடநூல்கள் பிரெயில் எழுத்தில் கிடைக்கவில்லை. யாரேனும் ஒருவர் நூலை வாசிக்க வேண்டும். அவர் கேட்டுப் புள்ளிகளாகப் பதிந்துகொள்வார். வாசிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் அப்போது பதினோராம் வகுப்பு மாணவன்.

அரைகுறைப் பாடம்

அவ்வாண்டு எங்கள் உயிரியல் பாடநூலில் மூளையின் படம் ஒன்று இருந்தது. பேசுவதற்கு ஒரு நிறம், கேட்பதற்கு ஒரு நிறம், தொட்டு உணர்வதற்கு ஒரு நிறம் எனப் பகுதி பகுதியாக வண்ணம் தீட்டியிருந்தார்கள். பின்தலையில், பிடரிக்குச் சற்று மேலே உள்ள பகுதிக்கு ஊதா நிறம். 'பார்வைக்குரிய இடம்' என்று அதனருகே எழுதியிருந்தது. அப்படத்தை வரைந்து பத்து மதிப்பெண் பெற்றவன் நான். மூளையைப் பற்றி அறிய வேண்டிய யாவும் அப்படத்தில் அடங்கிவிட்டதாக நம்பினேன்.

ஒருநாள் இரவு. ஊர்க் கோவில் திருவிழாவில் நாடகம் நடக்கவிருந்தது. நண்பர்கள் தெருமுனையில் காத்திருந்தார்கள். அக்காவுக்கு மறுநாள் தேர்வு. தொழிற்புரட்சியைப் பற்றிய ஒரு பக்கத்தை இரண்டு முறை வாசித்துவிட்டேன். "மூன்றாம் பத்தியை மட்டும் இன்னொரு முறை படி, தம்பி" என்றார் அக்கா. எனக்குச் சினம் பொங்கியது. நூலைத் தரையில் போட்டுவிட்டு, "எத்தனை முறைதான் படிப்பது? உன் தலையில் ஏறாது. கண்ணுக்கான இடம் உன் மூளையில் சும்மாதானே கிடக்கிறது! எங்கள் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது" என்றேன்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஊசியைச் சட்டத்தில் செருகிப் பலகையை மூடி வைத்தார். நான் நாடகம் பார்க்கப் போய்விட்டேன். மறுநாளிலிருந்து பக்கத்து வீட்டுப் பெண் வந்து அவருக்கு வாசிக்கத் தொடங்கினாள். அக்கா என்னை அதன்பின் வாசிக்கச் சொல்லவேயில்லை. தேர்வில் வென்றார், வங்கி ஒன்றில் தொலைபேசி இயக்குநராகப் பணியேற்றார், என் கல்லூரிக் கட்டணத்தையும் அவரே செலுத்தினார். அச்சொல்லைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை. ஆனால், அது என்னுள் புடைத்த புள்ளியாகவே நின்றது.

காந்தம் மின்சாரமாகும் விந்தை

முப்பது ஆண்டுகள் கழிந்தன. அறிவியல் கட்டுரைகளைத் தமிழில் பெயர்ப்பது என் தொழிலாயிற்று. ஒருமுறை, காந்தத்தால் மூளையைத் தூண்டும் முறை பற்றிய நெடுங்கட்டுரை ஒன்று என்னிடம் வந்தது. நேரில் காணாமல் அதை மொழிபெயர்க்க இயலாது என்று தோன்றியதால், பெங்களூரில் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றேன். அங்கிருந்த மருத்துவர் ஒருவர், "வெறுமனே பார்ப்பானேன்? விரும்பினால் தன்னார்வலராக அமர்ந்தே பாருங்கள்" என்றார். வலிப்பு நோய் உண்டா, தலைக்குள் உலோகத் துண்டோ செவிக்கருவியோ பொருத்தப்பட்டுள்ளதா, இதயமுடுக்கி இருக்கிறதா எனப் பல வினாக்களை வினவினார். எதுவும் இல்லை என்று உறுதியான பின்னரே ஒப்புதல் படிவத்தில் என்னிடம் கையொப்பம் பெற்றார்.

கருவியின் அடிப்படை, நீங்கள் இயற்பியலில் படிக்கும் மின்காந்தத் தூண்டலே. 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் இலண்டனில் மைக்கேல் பாரடே, இரும்பு வளையம் ஒன்றில் இரண்டு கம்பிச்சுருள்களைச் சுற்றினார். ஒரு சுருளில் மின்னோட்டத்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும், அதனோடு மின்தொடர்பே இல்லாத மற்றொரு சுருளில் மின்னோட்டம் கணநேரம் தோன்றி மறைந்தது. மாறுகின்ற காந்தப்புலம் மின்புலத்தைப் பிறப்பிக்கும் என்னும் உண்மை அன்று விளங்கியது.

இரண்டாவது சுருளுக்கு மாற்றாக மனித மூளையை வைத்தால் என்னாகும்? மூளையும் மின்சாரம் கடத்தும் பொருள்தானே! 1980-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மெர்ட்டன், மார்ட்டன் ஆகிய இருவர் தலைத்தோலின்மீது மின்முனைகளை வைத்து மின்சாரத்தைச் செலுத்தி மூளையைத் தூண்டினார்கள். கை அசைந்தது. ஆனால், மண்டையோடு மின்சாரத்தை எளிதில் உள்ளே விடாது; ஆகவே, மிகுதியாகச் செலுத்த வேண்டியிருந்தது; வலியும் மிகுதியாயிற்று. காந்தப்புலத்திற்கோ எலும்பு ஒரு தடையே அன்று. 1985-ஆம் ஆண்டில் ஷெபீல்டு நகரில் ஆந்தணி பார்க்கரும் அவருடைய குழுவினரும் கம்பிச்சுருளைத் தலைமீது வைத்துக் காந்தத்துடிப்பைச் செலுத்தினார்கள். வலியின்றிக் கை அசைந்தது. மண்டையோட்டு வழிக் காந்தத் தூண்டல் என்னும் முறை பிறந்தது.

என் விரல், என் விருப்பமின்றி

எட்டு என்னும் எண்ணின் வடிவில் அமைந்த கம்பிச்சுருள் ஒன்றை என் தலையின் இடப்பக்கத்தில், உச்சிக்குச் சற்றுக் கீழே மருத்துவர் பொருத்தினார். செவிகளில் அடைப்பான் வைத்தார். மின்தேக்கியில் சேர்த்து வைத்த மின்சாரம் ஒரே பாய்ச்சலாய்ச் சுருளில் பாயும். ஒரு மில்லிவினாடிக்கும் குறைவான நேரத்திற்குள் ஏறத்தாழ 1.5 முதல் 2 டெஸ்லா வரையிலான காந்தப்புலம் எழுந்து அடங்கும். அது புவியின் காந்தப்புலத்தைப்போலப் பல்லாயிரம் மடங்கு என்று விளக்கினார். அப்புலம் பெருமூளைப் புறணியில் இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் ஆழம் வரையே நரம்புச் செல்களைத் தூண்ட வல்லது. அதற்கும் கீழே வலுக்குன்றிவிடும்.

"டக்!"

தலையில் யாரோ விரலால் சுண்டியது போன்ற உணர்வு. அதே கணத்தில் மடிமீது கிடந்த என் வலக்கைப் பெருவிரல் துள்ளியது. நான் அதை அசைக்கவில்லை. அசைக்க எண்ணவும் இல்லை. மீண்டும் "டக்!" மீண்டும் விரல் துள்ளியது. சுருளை இரண்டு விரற்கடை தள்ளி வைத்தபோது ஓசை மட்டும் கேட்டது; விரல் அசையவில்லை.

என் விரலுக்கு நானே தலைவன் என்று அதுவரை எண்ணியிருந்தேன். ஒரு கம்பிச்சுருள் அவ்வுரிமையைச் சற்றே கடன் வாங்கிக்கொண்டது. அச்சத்தைவிட வியப்பே மேலோங்கியது. 'டக்' என்ற அவ்வோசை, எங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்ட பழைய ஓசையை எனக்கு நினைவூட்டியது.

மறைந்த எழுத்துகள்

"விரலை அசைப்பது எளிது. இனி, காண்பதைத் தடுத்துப் பார்க்கலாம்" என்றார் மருத்துவர். 1989-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் வாகே அமாசியான் என்பவரின் குழு செய்த புகழ்பெற்ற சோதனையை ஒட்டி அவர்கள் ஒரு பயிற்சி வைத்திருந்தார்கள். திரையில் மூன்று எழுத்துகள் மங்கலாகக் கணநேரம் தோன்றி மறையும். அவை எவை என்று நான் சொல்ல வேண்டும். சுருள் இப்போது என் பின்தலையில், பாடநூல் படத்தில் ஊதா நிறம் தீட்டியிருந்த இடத்தில் இருந்தது.

தூண்டல் இல்லாதபோது எழுத்துகளைச் சரியாகச் சொன்னேன். எழுத்துகள் தோன்றிய உடனே தூண்டியபோதும் சொன்னேன். எழுத்துகள் தோன்றி நெடுநேரம் கழித்து, அதாவது ஏறத்தாழ 150 மில்லிவினாடி கழித்துத் தூண்டியபோதும் சொன்னேன். ஆனால், 80 முதல் 100 மில்லிவினாடிக்குள் துடிப்பு விழுந்தபோது, திரையில் மங்கிய புகைபோன்ற ஒன்றே தெரிந்தது. சில முறை எதுவுமே தெரியவில்லை. என் கண்கள் திறந்தே இருந்தன. எழுத்தின் ஒளி விழித்திரையில் விழுந்தே இருந்தது. எனினும் நான் காணவில்லை.

இதன் பொருளை மருத்துவர் எளிய உவமையால் விளக்கினார். "புதிய வீட்டில் எந்த விளக்குக்கு எந்த இணைப்பு என்று தெரியாவிட்டால் மின்பணியாளர் என்ன செய்வார்? பியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார். எதைப் பிடுங்கினால் எந்த விளக்கு அணைகிறதோ, அதற்கு அது வேண்டும் என்று பொருள். நாங்களும் அவ்வாறே ஒரு பகுதியைக் கணநேரம் தடுமாறச் செய்கிறோம். பணி கெட்டால் அப்பணிக்கு அப்பகுதி இன்றியமையாதது. எப்போது தடுத்தால் கெடுகிறது என்பதிலிருந்து, எந்த நேரத்தில் அது வேலை செய்கிறது என்பதையும் அறிகிறோம். பியூசை உடனே திருப்பிச் செருகிவிடுவதால் விளக்குக்குக் கேடில்லை."

அலைகளின் எதிரொலி

பின்னர் என் தலையில் மின்முனைகள் பதித்த துணித்தொப்பி ஒன்றை மாட்டினார்கள். மூளையின் மின்னலைகளைத் தோலின்மேலிருந்தே பதிவு செய்யும் தொப்பி அது. கண்களைத் திறந்திருந்தபோது திரையில் சிறுசிறு நெளிவுகள் ஓடின. கண்களை மூடச் சொன்னார்கள். பிறகு பதிவைக் காட்டியபோது, கண்மூடிய நேரத்தில் பின்தலையிலிருந்து வினாடிக்குப் பத்து முறை ஏறி இறங்கும் சீரான அலை தோன்றியிருந்ததைக் கண்டேன்.

அவ்வலையை மனிதரிடம் முதலில் பதிவு செய்தவர் செருமனியின் யெனா நகரைச் சேர்ந்த ஆன்சு பெர்கர். அவரைத் தூண்டிய நிகழ்ச்சியைக் கேட்டபோது நான் சற்று நிமிர்ந்து அமர்ந்தேன். இளமையில் இராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் உயிர் தப்பினார் பெர்கர். அன்றைய தினமே, தொலைவில் இருந்த அவருடைய தமக்கை, தம்பிக்கு ஏதோ தீங்கு நேர்ந்ததாக உணர்ந்து, நலம் கேட்டுத் தந்தி அனுப்புமாறு தந்தையை வற்புறுத்தினார். மூளையிலிருந்து மூளைக்குச் செய்தி செல்லுமோ என்று வியந்த பெர்கர், தம் வாழ்நாளை மூளை ஆய்வுக்கு அளித்தார். அத்தகைய செய்தி எதையும் அவர் கண்டறியவில்லை. மாறாக, 1924-ஆம் ஆண்டில் மூளையின் மின்னலையைப் பதிவு செய்து, 1929-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். அவ்வலைகள் மிக நுண்ணியவை. மைக்ரோவோல்ட் என்னும் அளவில், அதாவது ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைக் கொண்டு அளக்கப்படுபவை.

இத்தனை மெல்லிய அலையைப் பதியும் கருவியின் அருகே அத்தனை வலிய காந்தத்துடிப்பைச் செலுத்தினால் கருவி செயலிழந்துவிடும். துடிப்பு விழும் கணத்தில் மட்டும் பதிவைப் பூட்டிவைத்து, மறுகணமே திறந்துவிடும் வழியைப் பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டார்கள். இரிஸ்தோ இல்மோனியெமியும் அவருடைய குழுவினரும் 1997-ஆம் ஆண்டில், ஓரிடத்தில் தூண்டிய துடிப்பு சில மில்லிவினாடிகளில் மூளையின் மறுபக்கத்திற்கும் பரவுவதை மின்னலைகள் வாயிலாகக் காட்டினார்கள்.

2005-ஆம் ஆண்டில் மார்சலோ மாசிமினி, ஜூலியோ தொனோனி ஆகியோரின் குழு மேலும் ஒன்றைக் கண்டது. விழித்திருப்பவரின் மூளையைத் தூண்டினால் எதிரொலி ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குத் தாவித் தாவிச் செல்கிறது. அதே மனிதர் கனவற்ற ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கும்போது தூண்டினால், எழுந்த அலை எழுந்த இடத்திலேயே விரைவில் அடங்கிவிடுகிறது. உறக்கத்திலும் நரம்புச் செல்கள் வேலை செய்கின்றன. ஆனால், ஒன்றோடொன்று பேசுவதில்லை. நினைவிழந்து படுக்கையில் கிடக்கும் நோயாளி உள்ளுக்குள் விழித்திருக்கிறாரா என்பதை அறிய இவ்வழி உதவும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

விரல்கள் படித்தது எங்கே?

தொப்பியைக் கழற்றும்போது, நெடுநாளாய் நெஞ்சில் இருந்த கேள்வியை மருத்துவரிடம் கேட்டேன். "இளமையிலேயே பார்வை இழந்தவர்களுக்குப் பின்தலையின் இப்பகுதி என்னவாகும்? சும்மா கிடக்குமா?"

அவர் புன்னகைத்தார். "1996-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு படப்பதிவு ஆய்வு நடந்தது. இளமையில் பார்வை இழந்தவர்கள் பிரெயில் படிக்கும்போது, அவர்களின் பார்வைப்பகுதி சுறுசுறுப்பாக இருப்பது அதில் தெரிந்தது. ஆனால், ஒரு ஐயம் எழுந்தது. பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தால் நம் சுவரும் ஒளிர்வதில்லையா? அதைப்போல, படிக்கும் வேலையில் பங்கே இல்லாமல் அப்பகுதி வெறுமனே உடன் ஒளிர்கிறதோ என்னவோ! அதைத் தீர்க்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்?"

"பியூசைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும்" என்றேன்.

"அதைத்தான் லியோனார்டோ கோஹன் குழுவினர் 1997-ஆம் ஆண்டில் செய்தார்கள்" என்றார். பிரெயில் எழுத்துகளின் மீது அவர்கள் விரல் ஓடும்போது பின்தலையில் காந்தத் துடிப்புகளைச் செலுத்தினார்கள். படிப்பு தடுமாறியது. "புள்ளிகள் காணாமற்போயின" என்றனர் சிலர். "இல்லாத புள்ளிகள் தோன்றின" என்றனர் சிலர். "புள்ளிகள் இருக்கின்றன, பொருள்தான் விளங்கவில்லை" என்றும் கூறினர். பார்வையுள்ளவர்கள் புடைப்பெழுத்துகளைத் தொட்டு அறியும்போது அவர்களின் பின்தலையைத் தூண்டினால் அச்சோதனையில் தடுமாற்றம் எழவில்லை. கண்ணுக்கென்று இருந்த இடம், விரலின் பணியை ஏற்றிருந்தது.

மருத்துவர் மேலும் சில செய்திகளைக் கூறினார். பிறவியிலேயே பார்வையற்ற பெண்மணி ஒருவர் ஸ்பெயின் நாட்டில் இருந்தார். பிரெயிலைச் சரளமாகப் படித்தவர். பக்கவாதத்தால் அவருடைய பிடரிமடல் இருபுறமும் சிதைந்தது. அதன்பின் அவரால் புள்ளிகளைத் தொட்டு உணர முடிந்தது, படிக்க முடியவில்லை. 2000-ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியாயிற்று. 2008-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு இதனினும் விந்தையானது. பார்வையுள்ளவரின் பின்தலையைத் தூண்டினால் கண்முன் ஒளிப்பொறி தோன்றுவதுண்டு. பிரெயில் படிக்கும் பார்வையற்றோர் சிலருக்கோ, அதே இடத்தைத் தூண்டியபோது விரல்களில் தொடுவுணர்வு தோன்றியது.

எனக்குப் பேச்சு எழவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் கூடத்தில் நான் வீசியெறிந்த நூலும், ஊசியைச் செருகி மூடிய கைகளும் கண்முன் வந்தன. பாடநூல் பொய் சொல்லவில்லை. பார்வையுள்ளவரின் மூளையை அது காட்டியது. அப்படத்தை என் அக்காவின் தலைக்குள் வைத்துப் பார்த்து, அங்கே வெற்றிடம் என்று தீர்ப்புச் சொன்னவன் நான்.

"இக்கருவியால் என் அக்காவுக்குப் பார்வை கிடைக்குமா?" என்று கேட்டேன். "கிடைக்காது" என்று தெளிவாகச் சொன்னார். "இது பார்வை தரும் கருவியும் அன்று; எண்ணத்தைப் படிக்கும் கருவியும் அன்று; மதிப்பெண்ணைக் கூட்டும் கருவியும் அன்று. தொடர்ந்து சீரான இடைவெளியில் தூண்டினால் மூளைப்பகுதியின் கிளர்ச்சியைச் சற்றுக் கூட்டவும் குறைக்கவும் இயலும். அவ்வழியில் மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை அளிக்க 2008-ஆம் ஆண்டில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ஆயினும், எல்லாருக்கும் ஒரேவகைப் பயன் கிட்டுவதில்லை. அரிதாக வலிப்பு வரக்கூடும் என்பதால் மருத்துவர் மேற்பார்வையின்றி எவரும் இதில் இறங்கக் கூடாது."

அக்காவின் கேள்வி

ஊர் திரும்பியதும் நேரே அக்காவின் வீட்டுக்குச் சென்றேன். பணி ஓய்வு பெற்றுவிட்ட அவர், திண்ணையில் அமர்ந்து பிரெயில் இதழ் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். அருகே அமர்ந்து கண்டதையெல்லாம் சொன்னேன். பெருவிரல் துள்ளியதைக் கேட்டுச் சிரித்தார். பெர்கரின் தமக்கையைப் பற்றிக் கேட்டபோது, "தம்பி விழுந்தால் அக்காவுக்குத் தெரியாமலா இருக்கும்!" என்றார். பிரெயில் சோதனையைச் சொன்னபோது மட்டும் அவருடைய விரல்கள் தாளின்மீது அசையாமல் நின்றன.

பிறகு, நான் சொல்லத் தயங்கியதைச் சொன்னேன். "அன்றைக்குத் திருவிழா இரவில் நான் சொன்னது தவறு, அக்கா. அந்த இடம் சும்மா கிடக்கவில்லை. அதை வைத்துத்தான் நீ படித்திருக்கிறாய்."

அக்கா சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் அமைதியாகக் கேட்டார்: "காந்தத்தை வைத்துத் தட்டினால் எழுத்து தடுமாறும், அதனால் அந்த இடம் படிக்கிறதென்று தெரிந்துகொண்டார்கள் என்கிறாய். சரி. நான் தடுமாறாமல் படித்துக்கொண்டிருந்தேனே, இருபது ஆண்டுகள் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து. அதைப் பார்த்து உனக்கு ஒன்றும் தெரியவில்லையா, தம்பி?"

அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. இன்றும் இல்லை. கருவியால் அறிய வேண்டியவை உலகில் பல உண்டு. அவற்றை அறியக் கருவி வேண்டும். ஆனால், உடன் வாழும் ஒருவரின் ஆற்றலை அறிய, உடன் வாழ்வதே போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

என் முகம் வாடியதை என் அமைதியிலிருந்தே அக்கா அறிந்திருப்பார் போலும். பேச்சை மாற்றினார். "எங்கள் சங்கத்தில் ஒருவர் நாற்பது வயதில் பார்வை இழந்தார். பிரெயில் கற்கப் பெரும்பாடு படுகிறார். அவருக்கும் அந்த இடம் இப்படி மாறிவிடுமா?" என்று கேட்டார். "மாற்றம் இளமையில்தான் மிகுதி. பதினான்கு வயதுக்குப் பின் பார்வை இழந்தோரிடம் அச்சோதனையில் இத்தகைய தடுமாற்றம் காணப்படவில்லை என்று 1999-ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது" என்றேன். "அப்படியானால் அவர் வேறு இடத்தைக்கொண்டு படிக்கிறார் என்று சொல். சோம்பல் என்று நாங்களும் அவரைக் கடிந்துகொண்டிருந்தோம். இனிக் கடியக் கூடாது" என்றார் அக்கா.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் முதலில் அவருக்கே வாசித்துக் காட்டினேன். பழைய பலகையை எடுத்துத் தாளைப் பொருத்தினார். நான் வாசிக்க வாசிக்க "டக், டக், டக்" என்று புள்ளிகள் விழுந்தன. ஒரு பக்கம் முடிந்ததும் ஊசியை நிறுத்தினார்.

"மூன்றாம் பத்தியை மட்டும் இன்னொரு முறை படி, தம்பி" என்றார்.

படித்தேன். மீண்டும் கேட்டார். மீண்டும் படித்தேன்.